இரட்டைக் கோடு

2009ஆம் வருஷம் மே மாதம். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பியிருந்தார். ஊர் கலைந்து, வைகை மணல் காலைச் சுட்டுக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, மதுரையில் ஒரு மரபணு ஆய்வகத்துக்குள் முதன்முதலாக நுழைந்தேன். பிப்பெட்டைக் கையில் தருவார்கள், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஆய்வகத்தை நடத்திய மேடம் ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில், ஒரு ரப்பர் மூன்றையும் என் முன்னால் வைத்தார்.

"உங்க குடும்பத்த மூணு தலைமுறைக்கு வரைஞ்சு காட்டும்மா."

ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். மணமானவர்களுக்கு நடுவே ஒரு கோடு. இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. நோய் இருப்பவரின் கட்டத்தையோ வட்டத்தையோ கறுப்பாக நிரப்ப வேண்டும். மணம் சொந்தத்துக்குள் நடந்திருந்தால் ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக இரட்டைக் கோடு. உலகம் முழுக்க மரபியல் படிக்கிறவர்கள் வம்சத்தை வரைவது இப்படித்தான். பாடப்புத்தகத்தில் அதைப் படித்திருந்தேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் அதில் என் வீட்டு ஆட்களை வைத்துப் பார்த்ததில்லை.

வரைய ஆரம்பித்தேன். அம்மாச்சி, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அம்மாச்சியின் மூத்த மகள் என் பெரியம்மா. அந்த அண்ணனின் மகன் என் பெரியப்பா. பெரியம்மா தன் தாய்மாமன் மகனைத்தான் கட்டியிருந்தாள். அந்த இரண்டு பேருக்கும் நடுவே இரட்டைக் கோடு போட்டேன். கீழே நான்கு பிள்ளைகள். ஒன்று பிறந்த மாதமே தங்காமல் போனது, அதற்குச் சாய்கோடு. மூத்தவன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவன். அவன் கட்டத்துக்குள் பென்சிலை வைத்து நிரப்பும்போது கை நின்றுவிட்டது.

அண்ணனுக்குப் பிறவியிலேயே இரண்டு கருவிழியும் பனி படிந்த கண்ணாடி போல இருந்தது. அவனுக்காகத்தான் இந்த ஆய்வகத்தில் கோடைப் பயிற்சிக்கே விண்ணப்பம் போட்டிருந்தேன். மேடம் தாளைப் பார்த்தார். நிரப்பாமல் விட்ட கட்டத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல், "முடிஞ்சப்ப முடிச்சுக்குடு" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆய்வகத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அங்கே ரத்தம் கொடுத்த குடும்பங்கள் இந்த வட்டாரத்துக்காரர்கள். பெயரைச் சொன்னால் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம், ஊரைச் சொன்னால் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். அவர்களுக்குக் கொடுத்த வாக்கு இன்றும் செல்லும்.

*

நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. வீட்டில் முதலில் கல்லூரி போனவள். எம்.எஸ்ஸி. முதல் வருஷம் படிக்கும்போது எங்கள் துறை அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடை ஆய்வுப் பயிற்சி நடத்துகின்றன. தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை செய்யலாம். உதவித்தொகையும் ரயில் செலவும் அவர்களே தருவார்கள். என்ன செய்ய விரும்புகிறாய் என்று நாமே ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும், ஆசிரியர் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் பலர் அதைப் படித்துவிட்டு நகர்ந்துபோனார்கள். டெல்லி, பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு உள்ளது என்ற நினைப்பு. எனக்குத் தாவரவியல் எடுத்த ஆசிரியை ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "கேட்டாத்தான கெடைக்கும்? நீ எழுது, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். அண்ணனின் கண்ணைப் பற்றி எழுதினேன். மூன்று முறை அடித்து எழுதிய பிறகு, அழுகை போய்க் கேள்வி மட்டும் நின்றது: பெற்ற இரண்டு பேருக்கும் கண் நன்றாக இருக்கும்போது பிள்ளைக்கு மட்டும் ஏன் வந்தது?

தேர்வான கடிதம் வந்தபோது வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. இரண்டு மாதம் வயசுப்பிள்ளையை டவுனில் விடுவதா என்றார் அப்பா. செல்லூரில் சித்தி வீடு இருந்ததால் அனுமதி கிடைத்தது. கைத்தறிச் சத்தம் கேட்கும் அந்தச் சந்திலிருந்து தினமும் டவுன் பஸ் ஏறி ஆய்வகம் போவேன்.

*

பயிற்சியில் நாங்கள் நான்கு பேர். திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, கோயம்புத்தூர்ப் பையன், அசாமிலிருந்து ஒருவன், நான். இரண்டாவது வாரம் ஆய்வகக் குழுவோடு கிராமத்துக்கு ரத்த மாதிரி எடுக்கப் போனோம். பரம்பரைக் கண் நோய் உள்ள குடும்பங்களின் வம்சப் படம் வரைவது எங்கள் வேலை.

முதலில் ஒப்புதல் படிவம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006ல் வெளியிட்ட நெறிமுறைகளை மேடம் எங்களிடம் வரி வரியாகப் படிக்கச் சொல்லியிருந்தார். படிவத்தைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்பார்கள். அதனால், "நாங்க என்ன செய்யப்போறோம்னு நீங்க சொல்லுங்க பாப்போம்" என்று திருப்பிக் கேட்க வேண்டும். அவர்கள் வாயால் சரியாக வந்த பிறகுதான் கையெழுத்து, இல்லையென்றால் கைநாட்டு.

அசாம் நண்பன் ஒரு வீட்டில் வரைந்த படத்தில் ஒரு அம்மாவுக்கு ஒன்பது அண்ணன் தம்பி இருந்தார்கள். மொழிபெயர்த்துச் சொன்னவர் சொன்னபடி எழுதியிருந்தான். அவன் மேல் தப்பில்லை. நம் ஊரில் பெரியப்பா மகனும் அண்ணன்தான், சித்தி மகனும் அண்ணன்தான். அந்த அம்மாவிடம் நான் போய் உட்கார்ந்தேன். "இதுல ஒரு வயித்துல பொறந்தவுக யாரு யாரு பெரியாத்தா?" என்றேன். ஒன்பது பேர் மூன்றாகக் குறைந்தார்கள். மற்ற ஆறு பேரும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள்.

அன்று மாலை மேடம் என்னை அழைத்து இந்தக் கேள்விகளையெல்லாம் எழுதித் தரச் சொன்னார். எழுத எழுதத்தான் எனக்கே தெரிந்தது, எங்கள் வட்டாரத்துப் பேச்சுக்குள் எவ்வளவு மரபியல் இருக்கிறது என்று. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். அந்த வரிசை அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. ஒய் குரோமோசோமும் அப்படியேதான் போகிறது. தாய்வழியில் மட்டும் போவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. மாமன் மகள், அத்தை மகன் என்றால் முறை உண்டு. அப்படிப்பட்ட இருவரும் தங்கள் மரபணுக்களில் சராசரியாக 8ல் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருப்பார்கள். தாய்மாமனையே கட்டியிருந்தால் 4ல் ஒரு பங்கு. உசிலம்பட்டிப் பேச்சு என் வாயில் வருமோ என்று கல்லூரியில் பயந்து பயந்து பேசியவள் நான். அந்தப் பேச்சுக்கு ஓர் ஆய்வகத்தில் வேலை இருந்தது.

எதைக் கேட்கக் கூடாது என்பதையும் அங்கேதான் கற்றேன். "தங்காம போனது உண்டா?" என்று கேட்டால் சில அம்மாக்கள் சட்டென்று எண்ணிக்கை சொல்வார்கள். சிலர் பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பார்கள். அந்த வாசல் பார்வை எனக்குப் பழக்கமானது. அங்கே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, மழை பற்றிப் பேச வேண்டும். படத்தில் ஓர் இடம் காலியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் மேடம்.

*

மூன்றாவது வாரம் பிப்பெட் கைக்கு வந்தது. ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. பிரிப்பது முதல் பாடம். சிவப்பணுவை உடைத்து வெளியேற்றி, வெள்ளையணுவைத் திறந்து, புரதத்தை நொதியால் கரைத்து, ஃபீனாலும் குளோரோஃபார்மும் கலந்து சுழற்றினால் குழாயில் அடுக்கடுக்காகப் பிரியும். மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் நடுங்காத கையால் எடுக்க வேண்டும். அதில் ஃப்ரீசரில் குளிரவைத்த எத்தனாலை விட்டு மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து இலவம்பஞ்சு இழை போல ஒன்று திரண்டு மிதக்கும். ஒவ்வொரு வெள்ளையணுவுக்குள்ளும் சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட புத்தகம் இரண்டு படியாக, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அதைக் கண்ணால் பார்த்த நாளில் பஸ்ஸில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

நான்காவது வாரம் தவறு செய்தேன். பன்னிரண்டு சிறு குழாய்கள். மார்க்கர் பேனாவால் எண் எழுதியிருந்தேன். எத்தனால் கை தவறி வழிந்து, இரண்டு குழாயின் எண்கள் கரைந்துபோயின. எது யாருடையது என்று ஊகிக்கலாம். வரிசைப்படி பார்த்தால் இதுதான் ஏழு, அதுதான் எட்டு. ஒரு நிமிஷம் அப்படி எழுதிவிடலாமா என்று மனசு போனது. போய் மேடத்திடம் சொன்னேன்.

அவர் இரண்டு குழாயையும் கொட்டச் சொன்னார். "இது ட்யூப் இல்லம்மா, ஆளு. ஆள மாத்தி எழுதினா அந்தக் குடும்பத்தோட முடிவே மாறிப்போகும்." அடுத்த வாரம் குழு அதே ஊருக்குப் போனபோது, அந்த இருவரிடமும் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றார்.

ஒருவர் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி. "மொத எடுத்த ரத்தத்த என்ன செஞ்சீக?" என்று நேராகக் கேட்டார். "என் கை தப்பால வீணாப்போச்சு பாட்டி. விருப்பம் இருந்தா மட்டும் குடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கையை நீட்டி, "இந்தத் தடவ பேர அழியாம எழுது" என்றார்.

எத்தனாலுக்குக் கரையாதது பென்சில். அன்றிலிருந்து இன்றுவரை குழாயில் டேப் ஒட்டிப் பென்சிலால்தான் எழுதுகிறேன். மாணவர்களையும் அப்படித்தான் எழுதச் சொல்கிறேன்.

*

ஐந்தாவது வாரம் மேடம் ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார். நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் 2006ல் வந்தது. பிறவியிலேயே கருவிழி மங்கும் ஒரு பரம்பரை நோய்க்கு 20ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்.எல்.சி.4ஏ.11 என்ற மரபணுவில் வரும் மாற்றம் காரணம் என்று கண்டு சொன்ன கட்டுரை. ஆசிரியர் பட்டியலில் பி. சுந்தரேசன் என்ற பெயர். முகவரி, அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, மதுரை.

மதுரை என்ற அந்த ஒரு சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டேன். டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தது அந்த அறக்கட்டளை. கண் ஆஸ்பத்திரி என்றால் கண்ணாடி வாங்கும் இடம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஊரிலிருந்து, உலகமே படிக்கும் ஒரு கண்டுபிடிப்புக்குப் பங்கு போயிருந்தது.

கட்டுரை சொன்னதை எளிதாகச் சொன்னால் இவ்வளவுதான். கருவிழியின் உட்பக்கத்தில் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்கள் இரவும் பகலும் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இறைப்பு நின்றால் கருவிழி தண்ணீர் கோத்து உப்பி மங்கிப்போகும். இறைப்புக்கு வேண்டிய புரதம் ஒன்றின் செய்முறைதான் அந்த மரபணு. நம்மிடம் பெரும்பாலும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படி இருக்கிறது. இந்த நோயில் ஒரு படி பழுதானாலும் இன்னொன்று வேலையைச் சமாளித்துவிடும். அந்த ஆளுக்கு எந்தக் குறையும் தெரியாது. இரண்டும் பழுதானால்தான் நோய். அப்படியென்றால் ஒன்று அம்மாவிடமிருந்தும் ஒன்று அப்பாவிடமிருந்தும் வந்தே ஆக வேண்டும்.

அதைக் கண்ணாலும் பார்த்தேன். வரிசைப்படுத்திய முடிவுகள் கணினித் திரையில் நான்கு நிற மலைமுகடுகளாக வரும், ஓர் எழுத்துக்கு ஒரு முகடு. நாங்கள் ரத்தம் எடுத்த ஒரு குடும்பத்தில், நோயுள்ள குழந்தையின் வரிசையில் அந்த இடத்தில் மாறிய எழுத்து மட்டும் தனி முகடாக நின்றது. அம்மாவின் வரிசையில் அதே இடத்தில் இரண்டு நிற முகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. அப்பாவின் வரிசையிலும் அதே இரண்டு. ஏறத்தாழ ஒரே உயரம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் இது அம்மாவுடையது, இது அப்பாவுடையது என்று எழுதாவிட்டால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அன்று மாலைதான் முதல்நாள் தாளை எடுத்து, அண்ணனின் கட்டத்தைக் கறுப்பாக நிரப்பி மேடத்திடம் கொடுத்தேன்.

*

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். கோயம்புத்தூர் நண்பன் என் ஊரைக் கேட்டதும், "உங்க பக்கத்துலதான முதல் இந்தியர கண்டுபிடிச்சாங்க?" என்றான். உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கத்தைச் சேர்ந்த ஓர் இளைஞரிடம் எம்130 என்ற பழைய ஒய் குரோமோசோம் அடையாளம் கிடைத்த செய்தி அப்போது பத்திரிகைகளில் பெரிதாக வந்திருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனின் குழு செய்த வேலை அது. 2005ல் தொடங்கிய ஜீனோகிராஃபிக் திட்டத்தின் இந்திய மையத்தையும் அவர்தான் நடத்தினார். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியாவரை போன ஆதி மனிதர்களின் தடம் அந்த அடையாளத்தில் தெரிகிறது.

எனக்குப் பெருமையாக இருந்தது. மேடம் அந்தப் பெருமையைத் தடுக்கவில்லை, அளவு சொன்னார். ஒய் குரோமோசோம் சொல்வது அப்பனுக்கு அப்பனுக்கு அப்பன் என்று ஒரே ஒரு கயிற்றை. ஒரு மனிதனுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கயிறுகள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் சாதிதான் மூத்தது என்று யாராவது சொன்னால், அவருக்குப் படிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். 2012ல் பிச்சப்பன் உள்ளிட்டோர் தமிழ்நாட்டின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டபோது, மேடம் சொன்னதை நினைத்துக்கொண்டேதான் அதைப் படித்தேன்.

சொந்தத்தில் கட்டினால்தான் ஆபத்து என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது பாதி உண்மை. ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் பிறரும் 2017ல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவில் 260க்கும் மேற்பட்ட சமூகங்களைப் பார்த்தது. அவற்றில் 81 சமூகங்கள், பரம்பரை நோய்களுக்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெநாசி யூதர்களையும்விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியவை. பல நூறு வருஷமாகச் சாதிக்குள்ளேயே கட்டிக்கொண்டதன் விளைவு. உறவே இல்லை என்று நினைத்துக் கட்டிக்கொள்ளும் இரண்டு பேரும் அதே பழைய பழுதைச் சுமந்திருக்கலாம். எங்கள் வீட்டு இரட்டைக் கோடு, பார்க்கப்போனால், சாதி முழுக்க மெல்லிசாக ஓடிக்கொண்டிருக்கிறது.

*

இப்போது நானே கல்லூரியில் மரபியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் அகாடமிகளின் அறிவிப்பு வரும்போது அதை அச்செடுத்து வகுப்புக்குள்ளேயே கொண்டுபோகிறேன். பலகையில் ஒட்டினால் நகர்ந்துபோய்விடுவார்கள்.

நான் பயிற்சி முடித்த அந்த வருஷ டிசம்பரில்தான் ஓர் இந்தியரின் முழு மரபணுத் தொகுதியை டெல்லி விஞ்ஞானிகள் முதன்முதலில் வாசித்து அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் தொகுதிகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. 1990ல் தொடங்கி 2003வரை பல நாடுகள் சேர்ந்து வாசித்த மனித மரபணுத் தொகுதியை இப்போது ஒரு லட்சம் ரூபாய்க்குள் வாசிக்கலாம். கீழடியை ஒட்டிய கொந்தகை ஈமக்காட்டு எலும்புகளிலிருந்து தொல்மரபணு எடுக்கும் முயற்சி காமராசர் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. வாசிப்பதை எந்திரம் செய்துவிடுகிறது. புரிந்துகொள்ளத்தான் ஆள் வேண்டும். அதனால் மாணவர்களிடம் புள்ளியியலும் கணினி நிரல் எழுதவும் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். மருத்துவமனையில் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும் மரபணு ஆலோசகர் வேலையும் இருக்கிறது என்று சொல்கிறேன். அந்த வேலைக்குத் தமிழ் பேசும், முறை தெரிந்த பிள்ளைகள் வேண்டும்.

ஆய்வகத்துக்குள் விடும் முன் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், பென்சில், ரப்பர் கொடுக்கிறேன்.

*

2009 ஜூலையில் பயிற்சி முடிந்தது. ஊருக்குப் போன அன்றே பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அதற்குள் அண்ணனுக்கு ஒரு கண்ணில் கருவிழி மாற்று அறுவை நடந்து, கொஞ்சம் பார்வை வந்திருந்தது. ஆனால் பெரியம்மா மேல் விழுந்த பழி மாறவில்லை. "இவ வயித்துக் கோளாறு" என்று மாமியார் சொன்னது, மாமியார் செத்த பிறகும் வீட்டுக்குள் நின்றது. கோயில் கோயிலாகப் போய் மடிப்பிச்சை எடுத்ததும், நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்காமல் ஒதுங்கியதும் அவள் மட்டும்தான்.

கட்டத்தையும் வட்டத்தையும் காட்டினால் புரியாது என்று தோன்றியது. அடுக்களையிலிருந்து இரண்டு புளியங்கொட்டை எடுத்து, தாயம் ஆடத் தேய்ப்பது போல ஒரு பக்கம் மட்டும் திண்ணைக் கல்லில் வெள்ளையாகத் தேய்த்தேன்.

"இது நீ, இது பெரியப்பா. ரெண்டு பேருகிட்டயும் ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெள்ள. வெள்ளதான் கோளாறு. ஒரு பக்கம் கருப்பு இருக்கிறதால ரெண்டு பேருக்கும் கண்ணு நல்லாருக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டையும் உருட்டணும். ரெண்டும் வெள்ளயா விழுந்தாத்தான் பிள்ளைக்கு வரும்."

உருட்டினாள். ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை. மறுபடி உருட்டினாள். இரண்டும் கருப்பு. நாலைந்து தடவைக்குப் பிறகு இரண்டும் வெள்ளையாக விழுந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"இந்த வெள்ள எங்கருந்து வந்துச்சு?"

"அம்மாச்சியோட அப்பன் ஆத்தா ரெண்டு பேருல ஒருத்தருகிட்டருந்து. அம்மாச்சி வழியா ஒனக்கு வந்துச்சு. அம்மாச்சியோட அண்ணன் வழியா பெரியப்பாவுக்குப் போச்சு."

"அவரு அப்பன் வழியாவா?"

"ஆமா."

பெரியம்மா ஒரு கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது பெரியப்பாவுக்கு வைத்த கொட்டை.

"அப்ப என் ஒத்தக் கொட்ட வெள்ளயா விழுந்தா மட்டும் வந்துருக்காதுல்ல?"

"வந்துருக்காது பெரியம்மா."

வெளியே பெரியப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா அவரைக் கூப்பிடவில்லை. இரண்டு கொட்டையையும் முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டாள். பிறகு எழுந்து, "இரு தாயி, காப்பி போடுறேன்" என்று அடுக்களைக்குள் போனாள்.